அவன் எனக்காக விட்ட ஒரு வரி

போன வாரம் குளிரறை வேலை பார்க்கிற உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மலாக்காவில் செங் பக்கம் ஏதோ ஒரு கேன்டீனின் பின்புறம், பழைய குளிரறை, துருப்பிடித்த கம்ப்ரெஸர். படத்துக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "இதுல என்னா கேஸ் இருக்குன்னு யாருக்காச்சும் தெரியுமா? ஸ்டிக்கர் ஒன்னும் இல்லைலா." உடனே பதில்கள் கொட்டின. மோந்து பார், மாமியாரைக் கேள், பூவா தலையா போடு என்று ஒரே கிண்டல். வேலையை விட்டு வந்த பிறகும் என்னைக் குழுவிலிருந்து தூக்காமல் வைத்திருக்கிறீர்களே, அதனால் நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கைப்பேசியில் நாலு வார்த்தை தட்டி அனுப்பும் விஷயமில்லை இது. அதனால் தாளில் எழுதுகிறேன்.

எனக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் தெரியும். ஸ்டிக்கர் அங்கிள். மெஷினில் விவரம் எழுதாமல் டூல்பாக்ஸை மூடியவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருமுறை தம்பின் ஊர் வரை வந்துவிட்ட வேனை மறுபடி ஜாசினுக்கு விரட்டினேன், ஒரு வரி எழுதிவிட்டு வர. அந்த வேனில் இருந்தவர்கள் அன்று என்னைத் திட்டிய திட்டு எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம், ஆனால் ஊகிக்கத் தெரியும். ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரிக்குக்கூட.

இப்போது நீங்கள் புதிய விதிகளுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறீர்கள். பூமியைச் சூடாக்கும் கேஸ்களை இனிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்கிறார்கள். கடை கடையாகப் போய் எந்த மெஷினில் எது இருக்கிறது என்று கணக்கெடுக்கிறீர்கள். நீங்கள் இப்போது வெளியேற்றப் பாடுபடுகிற ஒன்-தேர்ட்டி-ஃபோர் கேஸை இந்த மலாக்கா மாநிலத்துக் கடைகளில் முதன்முதலில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். தொண்ணூறுகளில் அதுதான் நல்ல பிள்ளை. அதற்கு முன்பு இருந்த ட்வெல்வ், அந்தப் பன்னிரண்டாம் நம்பர் கேஸ்தான் வில்லன். வானத்தில் ஓட்டை போடுகிறது, வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது, அதை நிறுத்து என்று உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து சொல்லிவிட்டன. வெள்ளைத் தோம்பில், அதாவது வெள்ளைச் சிலிண்டரில், வந்த ட்வெல்வ் போய், வெளிர்நீலத் தோம்பில் ஒன்-தேர்ட்டி-ஃபோர் வந்தது. எங்கள் வில்லன் வேறு, உங்கள் வில்லன் வேறு. ஆனால் பழைய கேஸும் புதிய கேஸும் ஊரில் ஒன்றாக நடமாடுகிற சில வருடங்கள் இருக்கின்றனவே, அவைதான் ஆபத்தான வருடங்கள். உங்களுக்கு அந்த வருடங்கள் தொடங்கிவிட்டன.

அந்த வேலையை நான் தனியாகச் செய்யவில்லை. எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவனைக் கேட்காமல் அவனை வைத்து ஒரு காரியம் செய்திருக்கிறேன். இரண்டாவது முறை செய்ய மாட்டேன்.

அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் மரக் கித்தாத் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நான் அடுத்த தோட்டம். ஆளுக்கொரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவர்கள். செங்கில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், குளிர்சாதனப் பட்டறையில்தான் சந்தித்துக்கொண்டோம். தவுக்கே எங்கள் இருவருக்கும் ஒரு வேனைக் கொடுத்தார். நான் ஓட்டுவேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவான். கோயில் பாட்டும் சினிமாப் பாட்டும் அவன் வாயில் கலந்தே வரும். ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவில் இப்படிக் கலந்துவிட்டால் என்னடா செய்வாய் என்று கேட்பேன். "ஆண்டவருக்கும் ஒரு சேஞ்ச் வேணும்லா" என்பான்.

வேலையில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. ஒரு கடைக்குப் போனால் முதலில் அழுத்தம் பார்க்கிற கேஜ் மாட்ட மாட்டான். கம்ப்ரெஸர் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. "என்னாடா, ஜெபம் பண்றியா?" என்றால், "உனக்காகத்தான். நீ தொடுறதுக்கு முன்னாடி மெஷினுக்கு ஒரு தைரியம் வேணும் இல்ல?" என்பான். அந்தக் காலத்தில் ஒரு மெஷினைப் பிரிப்பது என்றால் வால்வைத் திறந்து உள்ளே இருக்கிற கேஸைப் புஸ்ஸென்று காற்றில் விட்டுவிடுவோம். எல்லோரும் அப்படித்தான். விதி வந்து எங்களை அதட்டுவதற்கு முன்பே அவன் அதை விட்டுவிட்டான். கேஸை உறிஞ்சிப் பிடிக்கிற அந்தக் கனமான மெஷினை ஒவ்வொரு கடைக்குள்ளும் இழுத்துக்கொண்டு வருவான். வெயிலில் அது முடிகிற வரை நான் முனகிக்கொண்டே இருப்பேன். "கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமாடா?" என்று ஒருமுறை கேட்டான். ரொட்டி சானாய் சாப்பிடப் போகலாமா என்று கேட்டேன்.

இன்னொரு பழக்கமும் அவனுடையதுதான். ஒவ்வொரு மெஷினின் பக்கவாட்டிலும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து வைப்பான். எப்போது போனாலும் அந்த வெள்ளையில் ஒரு வரி எழுதுவான். தேதி, கேஸ் நம்பர், செய்த வேலை. எண்களை எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதுவான், வேலையை மட்டும் தமிழில். கறுப்பு மார்க்கர், இடது பக்கம் சாய்ந்த எழுத்து. ஏன் தமிழ் என்று தவுக்கே ஒருநாள் கேட்டார். நம்பர் உங்களுக்கு, மீதி எங்கள் இரண்டு பேருக்கு என்று மலாயில் சொன்னான். தவுக்கே சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த மார்க்கர் எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். நான் பேனாவே வைத்துக்கொள்ள மாட்டேன். ஓட்டுவது என் வேலை, எழுதுவது அவன் வேலை என்று ஆகிவிட்டிருந்தது. யாரும் சொல்லிப் பிரித்த வேலை இல்லை. பழக்கத்தில் பிரிந்துபோன வேலை.

உங்களுக்கு நான் சொல்ல வருகிற முதல் விஷயம் இதுதான். இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்தால், மற்றவன் செய்கிற ஒரு வேலையை நீங்கள் செய்யவே மறந்துபோவீர்கள். அவன் இல்லாத நாளில்தான் அது தெரியும்.

புதிய கேஸ் வந்த வருடம் தவுக்கே எங்களை அழைத்து உட்கார வைத்தார். கோலாலம்பூரில் பயிற்சி நடக்கிறது, போய் வருகிறவர்தான் இனி கேஸ் மாற்றும் வேலைக்கெல்லாம் தலைமை, நம் கம்பெனியிலிருந்து ஒருவரைத்தான் அனுப்ப முடியும், தீபாவளி முடிந்ததும் சொல்கிறேன் என்றார். யார் போவார் என்று பட்டறையில் யாருக்கும் சந்தேகமில்லை. டீ கொண்டுவருகிற அம்மாவுக்குக்கூட. எனக்கும் தெரியும். தெரிந்ததுதான் வலித்தது. அவன் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. அதை அன்று நான் பொறாமை என்று சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கும் ஒரு வாய்ப்பு வேண்டாமா என்று சொல்லிக்கொண்டேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. இரண்டு வாரம் வீட்டில் கிடந்தான். நான் தனியாகப் போனேன். ஒரு சனிக்கிழமை செலண்டாரில் வேலை சீக்கிரம் முடிந்தது. வேனில் வெளிர்நீலத் தோம்பு ஒன்று இருந்தது. அங்கிருந்து செம்பனைக் காடுகளுக்கு நடுவே போனால் நியாலாஸ். நியாலாஸில் ஓர் அக்கா கடை வைத்திருந்தார். பால்மரம் வெட்டிய கைகள் அவருடையவை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு கடை போட்டு, பின்னால் ஒரு குளிரறை கட்டி, ஆட்டிறைச்சியும் மீனும் விற்றுக்கொண்டிருந்தார். சுற்றியிருக்கிற தோட்டங்களுக்கெல்லாம் தீபாவளிக் கறி அந்த அறையிலிருந்துதான் போகும். பக்கத்துக் கம்போங் கிராமத்திலிருந்து முஸ்லிம்களான மலாய்க்காரர்களும் வாங்குவார்கள். எங்கள் லிஸ்டில் அந்தக் கடைக்குத் தீபாவளிக்குப் பிறகுதான் கேஸ் மாற்றுவது என்று இருந்தது. நான் லிஸ்டை மீறினேன். தனி ஆளாக ஒரு குளிரறையை மாற்றி முடித்தேன் என்று தவுக்கேயிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசைதான்.

வேலையைச் சுத்தமாகத்தான் செய்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. பழைய கேஸை உறிஞ்சி எடுத்து, பழைய எண்ணெயை வடித்து, புது எண்ணெய் ஊற்றி, மறுபடி வடித்து ஊற்றி, புதுக் கேஸை ஏற்றி, குளிர் இறங்குகிற வரை நின்று பார்த்தேன். அக்கா மீகோரெங் கிண்டிக் கொடுத்தார். "என்னா தம்பி செஞ்சீங்க?" என்று கேட்டார். "எண்ணெய் மாத்தி சர்வீஸ் பண்ணியிருக்கேன்க்கா" என்றேன். புதுக் கேஸ் என்றால் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். கடைசியில் அந்த வெள்ளைக் கட்டத்துக்கு முன்னால் போய் நின்றேன். என் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. அது என் சட்டை. அதில் பேனா இல்லை.

அக்காவிடம் கேட்டிருக்கலாம். அவன் எழுதுகிற இடத்தில் நான் எப்படிக் கிறுக்குவது, வந்தவுடன் சொன்னால் அவனே அழகாக எழுதுவான் என்று விட்டுவிட்டேன். பட்டறைக்குப் போனால் அரைநாளோடு ஆபீஸ் மூடியிருந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் செங்கில் ஒரு தொழிற்சாலைக்கு அவசரமாக அனுப்பிவிட்டார்கள், அங்கேயே நாட்கள் ஓடின. தவுக்கேயிடம் சொல்ல நல்ல நேரம் வரட்டும் என்றிருந்து மறந்துபோனேன். இதற்கு அழகான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அவன் அம்மைத் தழும்போடு வேலைக்குத் திரும்பினான். தீபாவளி நெருக்கம் என்பதால் எங்களை ஆளுக்கொரு பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் பட்டறை வாசலில் பார்த்தால், "முகத்துல புள்ளி வச்சுட்டு வந்துட்டியா, இப்பத்தான் கோலம் மாதிரி அழகா இருக்க" என்று நான் சீண்டுவேன், அவன் கையை ஓங்குவான், இரண்டு வண்டிகளும் புறப்பட்டுவிடும். அவ்வளவுதான் பேச்சு. அப்படி ஒரு நாளில்தான் நியாலாஸ் அக்கா குளிர் குறைகிறது என்று போன் செய்தார். அவன் போனான். ஒரு நட்டில் கேஸ் கசிந்திருக்கிறது. நான் மாட்டிய நட்டாகத்தான் இருக்க வேண்டும். கட்டத்தைப் பார்த்தான். கடைசியாக அவனே எழுதிய பழைய வரி, ட்வெல்வ். அக்காவைக் கேட்டான், உங்கள் கூட்டாளி வந்து எண்ணெய் மாற்றி சர்வீஸ் செய்தார் என்றார். ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டான், லிஸ்டைப் பார்த்து அந்தக் கடை இன்னும் மாற்றவில்லை என்றார்கள். என்னைக் கேட்கலாம் என்றால் நான் தொழிற்சாலைக்குள். கேஜ் மாட்டினாலும் இந்த இரண்டு கேஸும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம்தான் காட்டும். ஒரு மனிதன் கேட்க வேண்டிய எல்லோரையும் கேட்டான். சொல்ல வேண்டியவன் சொல்லியிருக்கவில்லை. வெள்ளைத் தோம்பை மாட்டி மேலே நிரப்பினான்.

அதன் பிறகு அவன் செய்ததுதான் என்னை இத்தனை வருடமும் தூங்கவிடாதது. கட்டத்தில் தன் வரியை எழுதினான். ஆனால் பழைய வரிக்குக் கீழேயே எழுதவில்லை. ஒரு வரி இடம் விட்டு, அதற்குக் கீழே எழுதினான். நான் செய்த சர்வீஸை நான் வந்து எழுதிக்கொள்வதற்காக.

இரண்டும் கலந்தால் அழுத்தம் ஏறும். இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, நல்ல வெயிலில், கம்ப்ரெஸர் எரிந்தது.

நான் அன்று ஜாசினில் இருந்தேன், தகவல் வந்ததும் மோட்டார் சைக்கிளில் முதலில் போய்ச் சேர்ந்தேன். கூட்டாளி வேனை எடுத்துக்கொண்டு செங்கிலிருந்து புறப்பட்டிருந்தான், தவுக்கேயும் தன் காரில் வந்துகொண்டிருந்தார். அக்கா கடைக்கு வெளியே நின்றார். "தம்பி, தோட்டத்து சனத்துக்கெல்லாம் வாக்குக் குடுத்துட்டேன். அறை நெறைய கறி. என்னா பண்ணப் போறேன்னு தெரியலையே" என்றார். நான் பின்னால் ஓடினேன். எரிந்த வாடை. கட்டத்தைப் பார்த்தேன். அவனுடைய புதிய வரி இருந்தது: தேதி, 12, 'நட்டு கசிவு, சரிசெய்து கேஸ் ஏற்றினேன்'. ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா பின்னாலேயே வந்து நின்றார். "உங்க கூட்டாளி சொன்னாரு தம்பி, ஒரு வரி விட்டிருக்கேன், அவன் வந்தா எழுதிக்குவான்னு."

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்தத் தொழிலில் பரீட்சை என்பது பயிற்சி நிலையத்தில் நடப்பதில்லை. தப்பு நம்முடையது என்று தெரிந்த நொடிக்கும், அடுத்த ஆள் வந்து சேர்கிற நொடிக்கும் நடுவே ஒரு கால்மணி நேரம் கிடைக்கும் பாருங்கள், அதுதான் பரீட்சை. எனக்குக் கிடைத்த கால்மணி நேரத்தில் நான் கறியைக் காப்பாற்ற என்ன வழி என்று யோசிக்கவில்லை. எரிந்த கம்ப்ரெஸருக்கு யார் பதில் சொல்வது என்று யோசித்தேன். கோலாலம்பூரை யோசித்தேன்.

"அக்கா, பேனா இருக்கா?" என்றேன்.

கறிப் பொட்டலங்களில் பெயர் எழுத அவர் வைத்திருந்த சிவப்பு மார்க்கரைக் கொடுத்தார். அவன் விட்டுவைத்த இடத்தில், நான் கேஸ் மாற்றிய அந்தச் சனிக்கிழமையின் தேதியைப் போட்டு, '134a' என்று எழுதி, 'கேஸ் மாற்றப்பட்டது, பழையது ஏற்றக் கூடாது' என்று எழுதினேன். எழுதியதில் பொய்யான ஒரு வார்த்தை இல்லை. தேதிகூட உண்மைத் தேதி. பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? மேலே இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறது, அதைப் படித்துவிட்டும் கீழே ஒருவன் பழைய கேஸை ஏற்றியிருக்கிறான்.

வேன் வந்தது. அவன் உள்ளே வந்து, வழக்கம்போல உள்ளங்கையைக் கம்ப்ரெஸர் மேல் வைத்தான், சூட்டில் எடுத்துக்கொண்டான். பிறகு கட்டத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். அவனுடைய இரண்டு கறுப்பு வரிகளுக்கு நடுவே என்னுடைய சிவப்பு வரி. நான் தரையைப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்க்கிறான் என்று தெரிந்தது. கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று காத்திருந்தேன். அவன் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"கறி எத்தன பெட்டிக்கா?"

நான் பதற்றத்தில் குளிரறைக் கதவின் கைப்பிடியில் கை வைத்தேன். "தெறக்காதடா" என்றான். "மூடியே இருந்தா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். தெறந்தா ஒரு மணி நேரம்." நாலு கடை தள்ளி ஒரு சீனர் கடையில் பெரிய குளிரறை இருக்கிறது, அங்கே தூக்கிப் போடலாம் என்றேன். "அங்க பன்னிக்கறி இருக்கு. அக்காகிட்ட மலாய்க்காரங்க வாங்குறாங்க. அங்க கொண்டுபோய் வச்சா கறி பொழைச்சிக்கும், கடை பொழைக்காது" என்றான். யோசித்தான். ஜாசினில் ஐஸ்கிரீம் விநியோகிக்கிற ஒரு மலாய்க்காரரின் உறைகுளிர் லோரிக்கு நாங்கள் வேலை செய்துகொடுத்திருந்தோம். அக்காவின் போனில் அவரைப் பிடித்துப் பேசினான். லோரி வந்து வாசலோடு ஒட்டி நின்ற பிறகுதான் குளிரறைக் கதவைத் திறக்கவிட்டான். நானும் அவனும் எதிரெதிரே நின்று பெட்டிகளைக் கைமாற்றினோம். அவன் கொடுக்க நான் வாங்க, ஒவ்வொரு பெட்டிக்கும் எங்கள் விரல்கள் பட்டன. சில்லென்று இருந்தன. ஒரு பெட்டிகூடக் கெடவில்லை. அந்தத் தீபாவளிக்கு நியாலாஸ் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு கொதித்தது.

பெட்டிகள் ஏறிக்கொண்டிருக்கும்போதே தவுக்கே வந்துவிட்டார். நேராகக் கட்டத்துக்குப் போனார். தமிழ் அவருக்குத் தெரியாது, எண்கள் தெரியும். மேலே 134, கீழே 12. கீழே இருக்கிற தேதி பிந்தியது. விரலை வைத்து இரண்டையும் காட்டிவிட்டுத் திரும்பி, யார் இதை ஏற்றினது என்று மலாயில் கேட்டார்.

"சாயா, தவுக்கே" என்றான் அவன். நான்தான் என்று.

மேலே எழுதியிருந்ததைப் பார்க்கவில்லையா என்றார். அவன் வாய் திறக்க ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடி எனக்காகத்தான் கொடுத்தான் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். நான் பேசியிருக்கலாம். கையில் ஒரு பெட்டி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பார்க்கவில்லை, தவுக்கே" என்றான்.

கோலாலம்பூருக்கு என்னை அனுப்பினார்கள். தலைமை எனக்கு வந்தது. பிறகு சூப்பர்வைசர் ஆனேன், உங்களில் பாதிப் பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தேன். என் ஓய்வு விருந்தில் தப்பே செய்யாத மனிதர் என்று ஒருவர் மைக்கில் பேசினார், நினைவிருக்கிறதா? நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேனே, அது தாகத்தினால் இல்லை.

அவன் அந்த வருடக் கடைசி வரை என்னோடுதான் வேனில் வந்தான். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் சாதாரணமாகத்தான் பேசினான், பாடுவதை மட்டும் நிறுத்திவிட்டான். ஒருநாள் செலண்டார் சாலையில் நானாகவே ஆரம்பித்தேன். "டேய், அந்தக் கட்டத்துல..." "ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்றான். அதோடு வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது. வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்க வேண்டும். இடது பக்கம் நிறுத்த எவ்வளவோ இடம் இருந்தது.

ஜனவரியில் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது என்றான். கடைசி நாள் பட்டறை வாசலில் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தான். என்னிடம் வந்ததும் சட்டைப் பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து என் பையில் செருகினான். "இனிமே நீதான எழுதணும்" என்றான். குரலில் குத்தல் எதுவும் இல்லை. எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன், குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அப்புறம் அவனைப் பார்க்கவே இல்லை. அவன் தோட்டத்துக்குப் போனேன், குடும்பம் கிளம்பிவிட்டிருந்தது. கோயிலில் விசாரித்தேன், ஒருவர் மூவார் என்றார், இன்னொருவர் ஜொகூர் என்றார். எனக்கு அவனைக் கண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது ஒரு பக்கம். அதைவிட அவன் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்றுதான் ஏங்கியிருக்கிறேன். எத்தனையோ பேர் அந்த இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள், நல்ல பிள்ளைகள். ஒரு குளிரறைக்குள் நுழையும்போது இந்த மெஷினை அவன் தொட்டால் என்ன சொல்வான் என்று நினைக்காமல் நான் ஒரு வேலையும் தொடங்கியதில்லை.

நியாலாஸ் அக்கா வயதாகிக் கடையை மூடியபோது, மெஷினைக் கழற்ற என்னைத்தான் கூப்பிட்டார். அதுவரை அந்தக் கடைக்கு வேறு ஆளைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன், அன்று நானே போனேன். ஸ்பேனரை எடுக்கும்போது அக்கா சொன்னார்: "உங்க கூட்டாளி ஒரு தடவ வந்தாரு தம்பி. சில வருசம் இருக்கும். அந்தப் பேனாவ நான்தான உங்க கையில குடுத்தேன், எனக்கு மனசு கேக்கல, சொல்லிட்டேன்."

"என்னா சொன்னான்?"

"தெரியும்க்கான்னாரு. சிரிச்சாரு. அவன் நல்லா இருக்கானான்னு கேட்டாரு."

"எங்க இருக்கேன்னு சொன்னானா? போன் நம்பர் ஏதும்?"

"கேக்கத் தோணலையே தம்பி" என்றார் அக்கா. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நான் பின்னால் போனேன். கட்டத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அவன் எழுதிய கறுப்பு வரிகள் அப்படியே இருந்தன, நேற்று எழுதியது போல. சிவப்பு மை வெளுத்துப்போகும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? பின்பக்கச் சன்னல் வெயில் இத்தனை வருடமாக அந்தக் கட்டத்தின் மேல் விழுந்திருக்கிறது. என் வரி மறைந்துவிட்டது. இரண்டு கறுப்பு வரிகளுக்கு நடுவே அவன் எனக்காக விட்ட இடம் திரும்பவும் காலியாக இருந்தது.

அந்தத் தகட்டை வெட்டி எடுத்து வந்துவிட்டேன். என் அறையில் இருக்கிறது. அவன் கொடுத்த மார்க்கரும் இருக்கிறது, மை காய்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. புது மார்க்கர் வாங்க எனக்குத் தெரியாதா? அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்றும் தெரியும். ஆனால் அவன் பார்க்காதபோது ஒருமுறை எழுதிவிட்டேன். இனி அவன் பக்கத்தில் நின்றால்தான் எழுதுவேன்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கேஸ் மாற்றும் வேலைக்கு நீங்கள் ஜொகூர் போவீர்கள், சிங்கப்பூரில் வேலை பார்க்கிற நண்பர்கள் உங்களுக்கு இருப்பார்கள். எங்காவது ஒரு பழைய மெஷினின் பக்கவாட்டில் கை அகலத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தால், அதில் கறுப்பு மையில், இடது பக்கம் சாய்ந்த தமிழ் எழுத்து இருந்தால், ஒரு படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். கடைசித் தேதி எது என்று பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் வேலையை அதற்குக் கீழே எழுதிவிட்டு வாருங்கள். நடுவில் ஒரு வரி இடம் விட்டிருந்தால் மட்டும் அதில் எதுவும் எழுதிவிடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.